பாலை வேரில் வைத்த சப்போட்டா

கன்றின் கழுத்தில் சுற்றியிருந்த பொலித்தீன் நாடாவை அந்தச் சிப்பாய் அவிழ்க்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ ஆசைக்குத் தடவிப் பார்க்கிறான் என்று நினைத்தேன். விளங்கியபோது இரண்டு மூன்று கன்றுகளின் கழுத்து வெறுமையாகிவிட்டது.

இடம் மண்முனைத் துறை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போகும் பாதைக்காகக் காத்து நின்றோம். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இரும்பு மிதவையை. துறையில் இராணுவத்தின் சென்றி, அதாவது சோதனைச்சாவடி, இருந்தது. அக்கரை அவர்கள் கையில் இல்லாத காலம். அதனால் அக்கரைக்கு உரப்பை போகக்கூடாது, பற்றரி போகக்கூடாது, மண்ணெண்ணெய் அளந்துதான் போகும். மரக்கன்று போகலாமா என்பது பற்றி ஒரு கட்டளையும் இல்லை. கட்டளை இல்லாததுதான் பெரிய வில்லங்கம். ஒவ்வொரு சிப்பாயும் தன் மனம்போல ஒரு சட்டம் வைத்திருந்தான்.

இந்தப் பொடியன் முதலில் மெல்லிய கம்பி ஒன்றைக் கன்றுப் பைகளுக்குள் விட்டுக் குத்திப் பார்த்தான். வேர் அறுந்துவிடும் என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி குத்தினான். பிறகுதான் நாடாவில் கை வைத்தான். உள்ளுக்கு என்ன இருக்கு என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். ஒன்றுமில்லை, இரண்டு மரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவிழ்த்தால் மேல்மரம் செத்துவிடும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். இரண்டு மரத்தை ஏன் ஒட்டுகிறாய் என்று கேட்டான். எனக்குப் பின்னால் நின்ற சனம் பாதை வெளிக்கிடப் போகுது என்று சத்தம் போட்டது. கந்தகப்புகை மாதிரி வெயில். இந்த நிலைமையில் மர ஒட்டுக்கலையை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அவன் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்தான். என்னை உண்மையில் வெறுப்பேற்றியது அதற்குப் பிறகு நடந்ததுதான். உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டதும் பாவப்பட்டு, குந்தியிருந்து, ஒவ்வொரு நாடாவையும் திரும்பவும் சுற்றிக் கட்டித் தந்தான். சின்னப்பிள்ளையின் விரல் காயத்துக்குக் கட்டுவதுபோலத் தளர்வாக, அன்பாகக் கட்டினான். ஒரு மனிதனை நிம்மதியாகத் திட்டக்கூட அந்த யுத்தம் விடவில்லை.

இரண்டு மரத்தை ஏன் ஒட்டினேன்

நான் அப்போது விவசாயப் போதனாசிரியர். போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியபடி மோட்டார் சைக்கிள் கையை விட்டுப் போனபிறகு எங்கள் விவசாயக் கந்தோர் எனக்குத் தந்தது ஒரு சைக்கிள். அதன் பின் கரியரில் கூடை கட்டி, கூடைக்குள் கன்று அடுக்கி, படுவான்கரை முழுக்கத் திரிந்தேன்.

அந்த நாட்களில் நிவாரணம் கொடுக்க வந்த எந்த நிறுவனமும் மாங்கன்றைத்தான் கொடுத்தது. மாங்கன்று நட்டுப் படம் எடுத்தால் அழகாக இருக்கும் போல. மாங்கன்று புது மருமகன் மாதிரி. வந்த நாளிலிருந்து கவனிக்க வேண்டும், தண்ணீர் ஒருநேரம் பிந்தினால் முகம் வாடும். எங்கள் ஊரில் மருமகன்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார் என்பதால் இந்த உவமையின் அருமை எங்களுக்குத் தெரியும். கச்சான் காற்று என்று ஒன்று வைகாசி முடிய மேற்கேயிருந்து கிளம்பும். அடுப்பு வாசலில் நிற்பது போல இருக்கும். கச்சான் ஒரு மாதம் வீசினால் மாங்கன்று சுள்ளியாகிவிடும். ஆரஞ்சு இனத்துத் தோடை அதற்கு முந்தியே போய்விடும். அடுத்த மாரிக்கு வேறொரு நிறுவனம் அதே குழிக்குள் இன்னொரு மாங்கன்றை வைத்து இன்னொரு படம் எடுக்கும்.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. அதே காணிகளின் எல்லையில் காட்டுமரமாகப் பாலை நிற்கிறது, வீரை நிற்கிறது, விளாத்தி நிற்கிறது. ஒருவரும் ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றியதில்லை. கச்சான் உச்சத்தில் நிற்கும்போதுதான் பாலை மஞ்சள் மஞ்சளாகப் பழுக்கிறது. சின்ன வயதில் நாங்கள் பாலைப்பழம் தின்னப் போகும்போது உதட்டில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு போவோம். பூசாமல் தின்றால் பழத்தின் பால் உதட்டைப் பூட்டிவிடும். என் அண்ணன் ஒருமுறை வாய் ஒட்டிப்போய் வீட்டுக்கு வந்து, அடி வாங்கும்போதுகூட அழ முடியாமல் நின்றான். அம்மா பழத்தைப் பிழிந்து காய்ச்சிப் பாலைப்பாணி எடுத்து வைப்பாள். புட்டோடு அதைத் தின்றால் வேறு கறி கேட்காது.

பாலையின் சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. முளைத்த கன்று முதலில் கீழே போகும். மேலே நாலு இலைதான் தெரியும், ஆனால் வேர் ஆள் உயரம் இறங்கியிருக்கும். இலையும் தடிப்பாக, மெழுகு தேய்த்ததுபோல, குடித்த தண்ணீரை வெளியே விடாது. சப்போட்டா பாலைக்குச் சொந்தக்கார மரம். அதன் தலையை இதன் வேரில் வைத்து ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். வேர் காட்டில் இருந்து, பழம் சந்தைக்கு. மாங்கன்றுக்குப் பதிலாக இதைக் கொடுங்கள் என்று நிறுவனத்தாரோடு ஒரு வருடம் மல்லுக்கட்டினேன். கடைசியில் சம்மதித்தார்கள். ஆனால் அவர்களுக்கு அவசரம், ஒட்டு முற்ற விடாமல் அள்ளித் தந்துவிட்டார்கள். அந்த இளம் ஒட்டைத்தான் துறையில் நின்ற பொடியன் அவிழ்த்துப் பார்த்தான்.

கண்ணகை அக்காவின் ஒரு ஏக்கர்

கன்று வாங்கியவர்களில் கண்ணகை என்றொரு பெண் இருந்தாள். என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவள், ஆனால் நான் அக்கா என்பேன். புருஷன் வாவிக்கு வலை போடப் போய்த் திரும்பி வராதவர். அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒருவரும் விளக்கம் கேட்பதில்லை. எழுவான்கரையில் இருந்த அவளுடைய வீட்டு வளவு இராணுவ முகாமுக்குள் போய்விட்டது. மிச்சம் இருந்தது படுவான்கரையில், வயல்வட்டைக்கு மேலே காட்டோரமாக, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த ஒரு ஏக்கர் மேட்டு நிலம்.

அந்த ஒரு ஏக்கர்தான் அவளுக்கு எல்லாம். மகள் யோகத்துக்கு வயது வந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் வளவு மகளுக்குத்தான் போகும். வளவு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே வந்து குடியிருப்பான்? ஆகவே காணி நின்றால் கலியாணம் நடக்கும், காணி போனால் இல்லை. காணி நிற்பதற்கோ காணிக் கந்தோர் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. காணி அதிகாரி வந்து பார்க்கும்போது நிலத்தில் பயன்தரு மரங்கள் உயிரோடு நிற்க வேண்டும். காடாகக் கிடந்தால் எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவள் மாங்கன்றும் நட்டாள், தோடையும் நட்டாள், என்னிடம் வாங்கிய சப்போட்டாவையும் ஏக்கர் முழுக்க வரிசையாக நட்டாள். நட்ட கொஞ்ச நாளில் சப்போட்டாவின் தலைகள் ஒவ்வொன்றாகக் கருகின. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. துறையில் என் கண்முன்னால் செத்த கன்றுகள்தானே.

ஆனால் அடுத்த முறை போனபோது அவள் வாசலுக்கே ஓடி வந்து, எல்லாம் பிழைத்துவிட்டது என்றாள். போய்ப் பார்த்தேன். ஒட்டுக்குக் கீழேயிருந்து புதுத் துளிர். இலை நுனியைப் பார்த்தாலே தெரியும்; சப்போட்டா இலை நுனி கூராக இருக்கும், பாலை இலையின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். எல்லா இலையிலும் வெட்டு இருந்தது. தலை செத்து, காடு முளைத்திருந்தது.

நான் ஒளிக்காமல் சொன்னேன். இது சப்போட்டா இல்லை, பாலை, உங்கள் எல்லையில் நிற்கிற அதே மரம் என்றேன். அவள் நம்பவில்லை. சப்போட்டா என்று தந்தது நீங்கள்தானே என்றாள். இலையைக் கிள்ளிக் காட்டினேன், பால் வடிந்தது. சப்போட்டாவிலும் பால் வடியுமே என்றாள். அதுவும் சரிதான். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

கச்சான் வந்த வருடம்

அந்த வருடம் கச்சான் வழக்கத்துக்கு முந்தியே தொடங்கி, முடிய மறுத்தது. வாவித் தண்ணீர் உப்பேறி, கரையோரக் கிணறுகள் வாயில் வைக்க முடியாமல் போயின. கண்ணகை அக்காவும் யோகமும் ஆற்று மணலில் பூவல் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் நிரப்பி, தலையில் சுமந்து வந்து ஊற்றினார்கள். தோடை முதலில் போயிற்று. மாமரம் பிறகு. நான் ஊற்றச் சொன்ன மரமெல்லாம் செத்தது. நான் வேலைக்கு ஆகாது என்ற பாலை மட்டும் நின்றது. அந்த ஏக்கரில் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தது அந்த வரிசைகள்தான்.

காணி அதிகாரி வரப்போகிறார் என்ற செய்தியும் அப்போதுதான் வந்தது. வருகிறார் என்பார்கள், வீதி மூடுவார்கள், வரமாட்டார். மறுபடி வருகிறார் என்பார்கள். அந்த மனிதரை எதிர்பார்த்தே எங்கள் பாதி ஆயுள் போயிற்று.

நான் ஒரு வழி சொன்னேன். இந்தப் பாலைக் கன்றுகள் இப்போது நல்லாக வேர் விட்டுவிட்டன. முதல் மழை விழுந்ததும் இவற்றின் தலையை வெட்டி, நிலத்தில் வைத்தே புதிதாகச் சப்போட்டாக் கிளையை ஒட்டுவோம். சைக்கிளில் ஏற்றத் தேவையில்லை, நாடா அவிழ்க்க ஆளும் இல்லை. ஒட்டுப் பிடித்துவிட்டால் தண்ணீரே கேட்காத சப்போட்டாத் தோட்டம். அதிகாரி வந்து பார்க்கட்டும்.

எனக்கே என் யோசனை பிடித்துப்போயிற்று. அவள் முகம் கறுத்தது.

"பச்சையா நிக்கிறது அது மட்டுந்தான். அதையும் வெட்டச் சொல்லுறீங்களா ஐயா?"

வெட்டினால்தான் ஒட்ட முடியும் என்றேன். பாலையாக விட்டால் அதிகாரி காடு என்று எழுதுவார் என்றேன். ஒட்டுப் பிடிக்காவிட்டால் என்ன எழுதுவார் என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். போன முறையும் இப்படித்தான் சொன்னீர்கள் என்றாள். போன முறை நடந்தது என் பிழையா? அந்தத் துறையில் நின்று நான் பட்ட பாட்டை இவளுக்கு எப்படிச் சொல்ல? ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்று இருவரும் வாதாடினோம். யோகம் எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். பூவல் தண்ணீர். அதைக் குடிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பாதிக்குப் பாதி

ஐப்பசி மழை இரண்டு விழுந்ததும் சப்போட்டாக் கிளைகளை ஈரச் சீலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கத்தியைத் தீட்டிக்கொண்டு முதல் வரிசையில் குந்தினேன். பாலைத் தலையை வெட்டி, நெஞ்சைப் பிளந்து, கிளையை ஆப்பாகச் சீவிச் செருகி, நாடாவை இறுக்கிச் சுற்றினேன். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வெட்டுக்கும் தனக்கே வெட்டு விழுந்ததுபோல நாக்கைக் கடித்தாள்.

காணியின் நடுவுக்கு வந்தபோது குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"இந்தப் பக்கம் நீங்க வெட்டினது காணும். அந்தப் பக்கம் கத்தியோட போகப்படா."

பாதி வேலையில் நிறுத்தச் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கிளைகள் கையில் வாடுகின்றன, நாளைக்கு உதவாது, இன்னொரு தரம் கிளை எடுக்க நான் எங்கே போவேன் என்று கத்தினேன். ஒட்டுப் பிடிக்கும் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். எந்த ஒட்டுக்காரன் எழுதித் தருவான்? மிச்சக் கிளைகளை வேலிக்கு வெளியே வீசிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒட்டு அநேகமாக எல்லாமே பிடித்துவிட்டது என்று அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அதைச் சொல்லிக் காட்டப் போகலாம் என்று நான் ஆசையோடு இருந்தபோது பீரங்கிச் செல்லடி தொடங்கிவிட்டது. படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து இக்கரைக்கு ஓடி வந்தது. கண்ணகை அக்காவும் யோகமும் ஆரையம்பதியில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில், சீலையால் பிரித்த ஒரு மூலையில் இருந்தார்கள். நான் பார்க்கப் போனால் வீட்டைப் பற்றியோ விட்டுவந்த ஆட்டைப் பற்றியோ கேட்கமாட்டாள். நாடாவை அவிழ்க்கவேண்டிய காலம் வந்துவிட்டதா என்று கேட்பாள். வந்து போய்விட்டது, நாடா வளர்கிற மரத்தை இறுக்கிக் கொல்லும் என்பதை நான் சொல்லவில்லை. அவிழ்க்கக் கூடாத நேரத்தில் ஒருவன் அவிழ்த்தான், அவிழ்க்க வேண்டிய நேரத்தில் ஒருவராலும் போக முடியவில்லை. இந்த மாதிரி நாட்டில் மரம் வளர்க்கச் சொல்லிச் சம்பளம் தந்தார்கள்.

இரண்டு கச்சான் அங்கேயே கழிந்தது.

வேரை யார் பார்ப்பது

திரும்பிப் போக விட்டபோது நானும் கூடப் போனேன். வீடு என்று சொல்ல நாலு கப்புத்தூண் நின்றது. கிணறு தூர்ந்து கிடந்தது. யானை வந்து போன தடம். மாமரக் குழிகளில் பற்றை. அதற்கு நடுவே சப்போட்டா வரிசை, தூசி பிடித்து, உயரம் குறைந்து, ஆனால் உயிரோடு நின்றது. நாடாக்கள் வெயிலில் பொடிந்து தாமாகவே உதிர்ந்திருந்தன. சில மரங்களில் பட்டை நெரிந்த தழும்பு இருந்தது. ஒன்றில் கோழிமுட்டை அளவில் காய்கூட இருந்தது. எதிர்ப்பக்கம் பாலை வரிசை கரும்பச்சையாகச் செழித்து நின்றது. இரண்டு வருடமாக ஒருவர் கையாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கண்டதில்லை அவை.

கண்ணகை அக்கா சப்போட்டாக் காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

காணி அதிகாரி ஒருவழியாக அந்த வருடம் வந்து சேர்ந்தார். பற்றை வெட்டிய நிலத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சப்போட்டாப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். மறுபக்கம் பார்த்ததும் நின்றார். இது காட்டுமரம், இந்தப் பாதியில் அபிவிருத்தி நடக்கவில்லை என்றார். ஐயா, இரண்டு பக்கமும் ஒரே வேர்தான், ஒரே நாளில் நட்டது, ஒரே கையால் தண்ணீர் ஊற்றியது, மேலே தலைதான் வேறு என்றேன். தோண்டிக் காட்டவும் ஆயத்தமாக இருந்தேன்.

"வேரை ஆர் பாக்கிற? மேல தெரியிறதத்தான் நான் எழுதலாம்" என்றார்.

சப்போட்டா நின்ற பாதிக்கு அனுமதி. பாலை நின்ற பாதி காடு. அவர் போனபிறகு நான் கொதித்துப்போய் நின்றேன். கச்சானில் செத்துப்போகிற மாமரம் நின்றாலும் காணி கொடுப்பானாம், சாகாத மரத்தைக் காடு என்பானாம். அவர் மீது இருந்த கோபத்தை அவள்மீது காட்டினேன். அன்றைக்கு என்னை வெட்ட விட்டிருந்தால் முழு ஏக்கரும் உங்கள் பேரில் இருந்திருக்கும் என்று வாய்விட்டே சொன்னேன்.

"ஓம். இல்லாட்டி ஒண்டும் பிடிக்காம முழு ஏக்கரும் மொட்டையா நிண்டிரிக்கும். அண்டைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. மேன்முறையீடு எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். எழுதினால் திரும்பவும் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், எழுதாமல் விட்டாலோ, காட்டுமரமான பாலையை வெட்டக் கந்தோரில் அனுமதி எடுக்கவேண்டும், அந்த அலைச்சலுக்குப் பயந்து வேறு எவரும் இந்தப் பாதியைக் கேட்டு வரமாட்டார்கள், அது அப்படியே கிடக்கட்டும் என்றாள்.

ஆனால் அரை ஏக்கர் வளவை எந்த மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்வார்கள் என்ற கவலை அவளுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. சம்பந்தம் பேசியவர்கள் வளவு பார்க்க வந்தது அடுத்த கச்சானில். வேறு காலமே கிடைக்கவில்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் போயிருந்தேன். வட்டை வெடித்துக் கிடந்தது. சுற்றியிருந்த காணியெல்லாம் பழுப்பு. மாப்பிள்ளையின் தகப்பன் சப்போட்டா வரிசைக்குள் மெதுவாக நடந்து, ஒரு பழத்தைப் பிட்டுத் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லை எது வரைக்கும் என்று கேட்டார்.

கண்ணகை அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி, சப்போட்டாவைத் தாண்டி, பாலை வரிசைகளையும் தாண்டிக் காட்டினாள்.

"அந்தப் பச்சை முடியிற மட்டும்."

அவர் கண்ணுக்குமேல் கையை வைத்துக் கடைசிவரை பார்த்தார். பிறகு மகனைப் பார்த்துத் தலையாட்டினார். எந்தப் பாதி யார் பேரில் இருக்கிறது என்று அங்கே நின்றவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். துறையில், கந்தோரில், அந்தக் காணிக்குள், எங்கேயும் வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாத நான், அன்றைக்கு மூடிக்கொண்டு நின்றேன்.